குழிவாய்க்கு ஒதுக்கப்பட்டவன்

தாராபுரத்துக்குக் கிழக்கே, நாச்சிமுத்துவின் தோட்டத்தில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ராஜ்யமே நடந்தது ஒரு காலத்தில். நம்பாதவர்கள் அவருடைய செவலைப் பசுவைக் கேட்டுக்கொள்ளலாம்.

கோடை வரப்போகிறதென்று மக்காச்சோளத் தட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிக் குழியில் கொட்டி, டிராக்டரை ஏற்றி மிதித்துக்கொண்டிருந்தார் நாச்சிமுத்து. ஊறுகாய்ப் புல் போடுகிற வேலை; காற்றுப் படாமல் மூடிப் புளிக்கவைத்தால் பச்சைத் தீவனம் கோடை முழுக்கக் கெடாது. அவர் மனைவி தெய்வாத்தாள் ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து அடுக்குக்கு அடுக்கு தெளித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன புள்ள அது, கோயில் தீர்த்தமா?"

"நல்ல கிருமிங்க. பாலுக்கு ஒறை ஊத்தற மாதிரி, தட்டுக்கு ஒறை. இந்தக் குழி கெட்டுதுன்னா செனையா நிக்கிற செவலையச் சந்தைக்குத்தான் ஓட்டோணும். காட்டுல வேற பச்சை எங்க இருக்குது?"

பொட்டலத்திலிருந்து இறங்கிய துடியன் இதைக் கேட்டான். கிருமிக்குக் காது ஏது என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம்.

'செவலையைச் சந்தைக்கு அனுப்பவா நாம வந்தோம்?' என்று துடியன் மீசையை முறுக்கினான். தார்ப்பாய் விழுந்ததோ இல்லையோ, அவன் கூட்டம் வேலையில் பாய்ந்தது. தட்டிலிருந்த சர்க்கரையைத் தின்றது, புளிப்பாகக் கக்கியது. ஒருவன் இரண்டானான், இரண்டு பேர் நாலானார்கள், அப்புறம் எண்ணியவனுக்கே தலை சுற்றியது. அந்தப் புளிப்பு தாங்காமல் அழுகல் கிருமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தன.

"முடிஞ்சுதப்பா வேலை!" என்று துடியன் கால் நீட்டினான்.

அப்போதுதான் பக்கத்தில் 'கரக், கரக்' என்று சத்தம். அதே பொட்டலத்தில் வந்த அசமந்தன். இத்தனை நேரம் தூங்கிவிட்டு, இப்போது எழுந்து உட்கார்ந்து, துடியன் சேர்த்துவைத்த புளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அடேய் திருட்டுப் பயலே! அது செவலைக்கு!"

"எல்லாத்தையும் தின்னலீங்க தம்பி. கொஞ்சூண்டு எடுத்துக் காடியாக்கறேன், வினிகருன்னு சொல்றாங்களே, அது."

"நல்ல புளிப்பைக் காடியாக்கி யார் மோந்து பாக்கறதுக்கு? எதுக்குடா மாத்தறே?"

அசமந்தன் யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் மேலே ஒரு பௌர்ணமி வந்து போயிற்று.

"தெரியலீங்களே. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்."

கூட்டம் கூடியது, தீர்ப்பும் ஆயிற்று. "ஒரே பொட்டலத்துல வந்த பாவத்துக்கு உசுரோட விடறோம். உன் சனத்தைக் கூட்டிக்கிட்டுக் குழிவாய்க்குப் போயிரு. நடுவுல உன் மூஞ்சியே தெரியக்கூடாது."

அசமந்தன் தன் சனத்தோடு கிளம்பினான். குழிவாயில் போய் உட்கார்ந்து, அங்கே கிடைத்த புளிப்பை மெதுவாகக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் வீசிய நெடிக்கு யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

கோடை வந்தது. குழிவாயைத் திறந்து அன்றாடத்துக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டு, உடனே தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், அதுதான் முறை. நாச்சிமுத்துவும் தெய்வாத்தாளும் அப்படித்தான் செய்துவந்தார்கள், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அந்தக் காலையைத் தவிர. அள்ளினார்கள். செவலையின் முன்னால் குவித்தார்கள். பஸ்ஸுக்கு ஓடினார்கள். தார்ப்பாய் சுருட்டியபடியே கிடந்தது.

காற்று முதலில் நுழைந்தது. அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு ஈஸ்ட்டுக் கும்பல். பின்னால், பச்சைச் சால்வை போர்த்திய பூசணம்.

துடியன் நடுக்குழியிலிருந்து கத்தினான்: "கிட்ட வந்தீங்கன்னா புளிப்பாலேயே பொசுக்கிருவேன்!"

ஈஸ்ட்டுகள் விழுந்து விழுந்து சிரித்தன. "புளிப்பா? எங்களுக்கு அது பாயசமப்பா! தின்னுட்டுக் குழியையே அடுப்பாட்டம் சூடாக்குவோம். அப்புறம் நம்ம பூசணத்தம்மா கோலம் போடும்."

துடியன் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். தன் கூட்டம் கக்கிய புளிப்பத்தனையும் எதிரிக்குச் சமைத்த விருந்தா? செவலையின் பெரிய வயிறு அவன் கண்முன் வந்து நின்றது.

கும்பல் குழிவாயில் பந்தியில் உட்கார்ந்தது. முதல் கவளத்தை வாயில் வைத்தது.

"தூ! என்னய்யா இது? தொண்டை எரியுது!"

"காடிங்க," என்றான் அசமந்தன் பணிவாக. "மன்னிச்சுக்கோங்க. இந்தப் பக்கம் பூரா அதுதான்."

நுழைந்த ஈஸ்ட்டு நுழைந்த இடத்திலேயே மயங்கியது. சூடு ஏறாததால் பூசணம் உள்ளே கால் வைக்கவில்லை. ஓரத்தில் உதிர்ந்து கிடந்ததில் மட்டும் சால்வையை விரித்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம்தான் மேலே குரல் கேட்டது.

"ஐயோ, தார்ப்பாய் தெறந்து கெடக்குதுங்க! நீங்க மூடலியா?"

"நீ மூடிட்டேன்னுதானே புள்ள நான் பஸ்ஸுக்கு ஓடுனேன்!"

"நீங்க மூடுவீங்கன்னுதானே நான் பொடவை மாத்தப் போனேன்! போச்சு, செவலை போச்சு."

தெய்வாத்தாள் கையைக் குழிக்குள் விட்டாள். தோள் வரைக்கும் விட்டாள்.

"சுடுதா?" என்றார் நாச்சிமுத்து.

"இல்லீங்க." அவள் ஒரு கை அள்ளி அவரிடம் நீட்டினாள். "சில்லுன்னு இருக்குது."

ஓரத்தில் பூத்திருந்ததை வழித்தெறிந்துவிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஆளுக்கு ஒரு முனை.

இருட்டானதும் துடியன் நடுக்குழியிலிருந்து கிளம்பினான். தன்னால் முடிந்த மட்டும் புளிப்பைச் சுமந்துகொண்டு குழிவாய்க்கு வந்து, அசமந்தன் முன்னால் இறக்கிவைத்தான். அசமந்தன் பயந்து பின்னால் நகர்ந்தான்.

துடியன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்:

"அண்ணே, திருடிக்கோங்க."