கடுகளவு கறை

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஜெசிந்தாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மாணவர் அவர்தான். அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு பள்ளிக்கூடத்தையே பிரம்பால் ஆண்ட மனுஷன், முக்காலியில் உட்கார்ந்து லென்ஸ் துடைக்கப் பழகுகிறார் என்றால் சும்மாவா? ஞாயிற்றுக்கிழமை மகள் சாருபாலா வருகிறாள், ஆறு வருஷம் கழித்து, கைக்குழந்தையோடு. அவளைத் தன் கையால் ஒரு படம் எடுக்கவேண்டும். அதற்காகவே ஒரு பழைய கேமரா வாங்கியிருந்தார்.

அதன் லென்ஸ் ஓரத்தில் கடுகளவு கறை.

"முதல்ல தூசியை ஊதுங்க. அப்புறம் மெதுவா ஒரு தடவை ஒத்துங்க. போகலைன்னா விட்டுருங்க" என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

அவருக்கா விட மனசு வரும்? வேட்டி நுனியால் தேய்த்தார். வாயால் ஊதி ஊதித் தேய்த்தார். கறை போன பிறகுதான் நிமிர்ந்தார்.

"பாருங்க டீச்சர், பளிச்சுன்னு!"

அவள் வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடியில் விளக்கு பச்சையாகத் தெரிந்தது. அவர் தேய்த்த இடத்தில் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"இந்த இடத்துல கண்ணாடி மேல பூசியிருந்த கோட்டிங் போச்சு சார். வெளிச்சம் நேரா அடிச்சா இனிமே படம் வெளிறிடும்."

"அப்ப அந்தக் கறை இருந்திருந்தா?"

"கறை படத்துல விழவே விழாது. நம்ம கண்ணுக்குத்தான் தெரியும்."

மாசிலாமணி யாரும் கேட்காமலே சொன்னார்.

"சாருவுக்குச் சின்ன வயசுல லேசாத் திக்கும் டீச்சர். எப்பவாவது ஒரு சொல்லுல. நான் விடமாட்டேன். வந்தவங்க முன்னாடி நிறுத்திவச்சு, திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லும்பேன். நல்லா வரணும்னுதான் செஞ்சேன். இப்ப அம்மாகிட்ட மணிக்கணக்கா ஃபோன்ல பேசுறா. நான் வாங்கினா வச்சிடுறா. பாவி, பெத்த பிள்ளை வாயை நானே அடைச்சிட்டேன்."

ஜெசிந்தா லென்ஸைக் கேமராவில் பொருத்தினாள்.

"போன கோட்டிங்கைத் திரும்பப் பூச முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது சார்."

"ஞாயித்துக்கிழமை வீடு நிறையச் சொந்தக்காரங்க இருப்பாங்க. எல்லாரும் அவ வாயையே பாத்துக்கிட்டிருப்பாங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

அவள் அவரை வாசலுக்கு அழைத்துப் போய்க் கேமராவைக் கொடுத்தாள். எதிர்வெயில். கேமரா வழியாகப் பார்த்தார். தெருவே வெளுத்துக் கிடந்தது.

"ஒரு கையை லென்ஸுக்கு மேல குடை மாதிரி பிடிங்க."

பிடித்தார். வெளுப்பு விலகியது. எதிர்க்கடைப் பலகையின் எழுத்துகள்கூடத் தெரிந்தன.

"தேய்ச்ச கைதானே சார்?" என்றாள் ஜெசிந்தா. "இனிமே அது இங்கதான் இருக்கணும்."