முப்பத்தொன்பதாவது பில்

குரு நிறைமதி அம்மாவுக்குப் பதினோரு மாணவர்கள். ஞாயிறு தோறும் அவர்களில் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்த வைகாசி ஞாயிறு தவசிலிங்கத்தின் முறை.

தவசிலிங்கம் நூல் மில்லில் முப்பத்திரண்டு வருடம் எடைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

சாப்பாடு முடிந்ததும் நர்ஸ் கற்பகவல்லி கேட்டாள்.

"அம்மா, வீட்டு மாடியில சோலார் போடலாம்னு இருக்கோம். போட்ட காசு திரும்ப வருமா?"

"எனக்குத் தெரியாது. அண்ணாச்சிகிட்ட நோட்டு இருக்கு."

தவசிலிங்கம் நோட்டை எடுத்து வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் படித்தார்.

"மானியம் போகக் கைக்காசு ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். இன்வெர்ட்டர் ரிப்பேர் நாலாயிரம். தகடு கழுவின கூலி ஐயாயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். முன்னே சராசரி நாலாயிரத்து நானூறு வரும். இப்போ அறுநூறு. பில்லுக்கு மூவாயிரத்து எண்ணூறு மிச்சம். போன வாரம் முப்பத்தொன்பதாவது பில் வந்தது. போட்ட முதல் வந்தாச்சு. இருநூறு ரூபாய் கூடவே வந்திருக்கு."

"ஆறரை வருஷம்!" என்றாள் கற்பகவல்லி. "மில் தராசைக் கழற்றிக்கிட்டு வந்து மொட்டை மாடியில மாட்டிட்டீங்களா அண்ணாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். தவசிலிங்கம் சிரிக்கவில்லை.

"முதல் வந்த மனுஷர் முகமா இது?" என்றார் குரு.

"அதைத்தாம்மா கேக்கணும்னு இருந்தேன். பில் வந்த அன்னைக்கு ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியா இருக்கு. எனக்குத்தான் சரியா இல்லை."

குரு நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் விரல் வைத்தார்.

"கழுவு கூலி, பில்லுக்கு இருநூறு. முதல் பதினாலு பில்லுக்கு ஒண்ணும் எழுதலையே?"

"அப்போ சவரிமுத்து கழுவினாரு. மேற்கு வீடு. பஸ் கண்டக்டரா இருந்தவர். எனக்கு முழங்கால் வலி. வாரத்துக்கு ஒரு நாள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து கழுவிட்டு, இறங்கி வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவாரு."

"கூலி?"

"கொடுத்தா வாங்கமாட்டாரு. 'பாக்கியை டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிட்டேன் தவசி, இறங்கும்போது வாங்கிக்கிறேன்'னு சொல்லுவாரு. வாராவாரம் அதே பேச்சு. வாராவாரம் சிரிப்போம்."

"பதினஞ்சாவது பில்லுக்கு என்ன ஆச்சு?"

கேட்டுக்கொண்டே குரு பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு நாளுக்கும் யூனிட் எழுதி, பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தது. மேகம். தூறல். காக்கை எச்சம். ஒரு குறிப்பை மட்டும் குரு வாய்விட்டுப் படித்தார்.

"பங்குனி ஒன்பது. நல்ல வெயில். பதிமூணு புள்ளி நாலு யூனிட். மேற்கு வீட்டு வேலை நின்றது."

"மாடிக்குப் போவோமா?" என்றார் குரு.

தவசிலிங்கம் படிக்குப் படி நின்று ஏறினார். மணி மூன்று. ஒன்பது தகடுகளும் வெயிலில் கிடந்தன. எதிலும் நிழல் இல்லை. சுவருக்கு அப்பால் மேற்கு வீட்டு மாடியில் நான்கு தூண்கள் இடுப்பளவு உயரத்தில் நின்றன. மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. கீழே அந்த வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது.

"இது என்ன?" என்றார் குரு.

"மகன் கல்யாணத்துக்கு ஒரு ரூம் கட்ட ஆரம்பிச்சாரு. அது எழும்பியிருந்தா மூணு மணிக்கு மேல மூணு தகட்டுல நிழல் விழும். ஒரு தகட்டுல விழுந்தாலே அந்த வரிசை முழுக்கக் குறையும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அவர் விடவேண்டிய இடத்துல ஒன்றரை அடி குறையுதுன்னு நகராட்சியில மனுப் போட்டேன். வந்து அளந்தாங்க. குறைஞ்சது. வேலையை நிறுத்திட்டாங்க."

"உங்க வீட்டுப் பக்கம் அந்த ஒன்றரை அடி இருக்கா?"

"இல்லைம்மா. அதுக்கு அவர் மனுப் போடலை" என்றார்.

"அப்புறம்?"

"மகன் திருச்சுழியில வாடகைக்குப் போனான். பின்னாலேயே இவங்களும் போயிட்டாங்க. சாமான் ஏத்தின அன்னைக்கு நான் வெளியே வரலை. ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன். லாரியில ஏறினவர் திரும்பி மாடியைத்தான் பார்த்தாரு. தகட்டுல தூசி இருக்கான்னு பார்த்தாரோ என்னவோ."

குரு பென்சிலை எடுத்து நோட்டின் மேல் வைத்து நீட்டினார்.

"அந்த ரூம் எழும்பியிருந்தா கணக்கு எப்படி வரும்? போட்டுப் பாருங்க."

தவசிலிங்கம் தண்ணீர்த் தொட்டியின் மேடையில் உட்கார்ந்தார். வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் குறையும். பில்லுக்குத் தொண்ணூறு. யூனிட் அஞ்சு ரூபாய்னா நானூத்தைம்பது. முதல் பதினாலு பில்லுல மாற்றம் இல்லை. பதினஞ்சாவதுலேர்ந்து பில்லுக்கு மூவாயிரத்து முன்னூத்தைம்பதுதான் மிஞ்சும்."

"கழுவு கூலி?"

பென்சில் நின்றது.

"இருக்காது. அவர் கழுவியிருப்பாரே." ஐயாயிரத்தை அடித்தார். மறுபடி கூட்டினார். கழித்தார். முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை போட்டார். மற்றவர்கள் வெயிலில் நின்றார்கள். யாரும் கீழே இறங்கவில்லை.

"நாற்பத்தொண்ணாவது பில்லுல முதல் வந்திருக்கும்" என்றார்.

"இப்போ வந்தது?"

"முப்பத்தொன்பதுல."

"ரெண்டு பில். எத்தனை மாசம்?"

"நாலு மாசம்மா."

"மனுப் போடும்போது இதைப் போட்டுப் பார்க்கலையா அண்ணாச்சி?"

"நிழலுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டேன். எத்தனை மணி, எத்தனை தகடு, எத்தனை யூனிட். எல்லாம் போட்டேன். அவர் வந்து கழுவுறது எனக்குக் கணக்காவே தோணலை."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். துருப்பிடித்த கம்பிகளைப் பார்த்தபடி இருந்தார்.

"அவர் போய் நாலு வருஷம் ஆகப்போகுது. எத்தனையோ தடவை செருப்பு மாட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிருக்கேன். முதல் வரட்டும், கையில ஏதாவது வச்சுக்கிட்டுப் போய்ப் பார்ப்போம்னு திரும்பிடுவேன். மாசியில அவருக்குப் பக்கவாதம் வந்துச்சாம். பால்காரர் சொன்னாரு. வாய் கோணிப்போச்சாம். பேச்சு வரலையாம்."

"ஆள் தெரியுதா?"

"தெரியுதாம்."

"காது?"

"கேக்குதாம். ஆனா பதில் சொல்ல முடியாதாம். இனிமே போய் என்னம்மா? திட்டக்கூட முடியாது அவரால."

குரு சுவர்ப் பக்கம் நடந்தார். சுவர் ஓரத்தில் பழைய தண்ணீர்க் குழாய் சுருட்டி வைத்திருந்தது. அதன் முனையில் ஒரு துணியைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. தவசிலிங்கம் வைத்த கழுவு ஆள் தன் குழாயைக் கொண்டுவருவான். இது சவரிமுத்துவின் முடிச்சு. குரு குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். துணி வெயிலில் இற்றுப் போயிருந்தது.

"திருச்சுழிக்கு எப்போ பஸ்?" என்றார்.

"மூன்றரைக்கு ஒண்ணு இருக்கு."

"மணி?"

"மூணு பதினெட்டு."

தவசிலிங்கம் எழுந்தார். படி வரை நடந்தார். முதல் படியில் கால் வைத்து நின்று திரும்பினார். நோட்டு கக்கத்தில் இருந்தது.

"போய் நின்னு என்னம்மா சொல்றது? அந்த நாலு மாசக் கணக்கைக் காட்டட்டுமா?"

குரு கை நீட்டினார்.

"நோட்டை என்கிட்டே கொடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."