மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு இணையம் வந்தபோது, வந்தது ஒரே ஒரு கம்பி. கம்ப்யூட்டர்கள் ஆறு.

"ஒண்ணை எப்படி ஆறு பேருக்குக் கொடுக்கறது?" என்று கேட்டார் ஆசிரமத் தலைவி பூங்கோதை அம்மா. அவருக்கு முப்பத்தெட்டு வயது.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார் சீடர் சொக்கலிங்கம். அவருக்கு ஐம்பத்தேழு. டெலிபோன் கம்பி இழுத்து ஓய்வுபெற்றவர். அதை நாளுக்கு ஒருமுறையாவது எல்லாருக்கும் ஞாபகப்படுத்திவிடுவார்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகினார். ஒன்றில் வெளியிலிருந்து வரும் கம்பி. மற்றதில் உள்ளே ஆறுக்கும் போகும் கம்பி. எந்தக் கார்டு எது என்று குழம்பி, கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி இரண்டு நாள் திருதிருவென்று முழித்தார். மூன்றாம் நாள் ஆறு திரைகளிலும் இணையம் ஓடியது.

பூங்கோதை அம்மா அந்தப் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"உள்ளேருந்து ஆறு பேர் கேக்கறாங்க. யார் கேட்டதுன்னு வெளியில தெரியுமா?"

"தெரியாதும்மா. எல்லாத்தையும் இது தன் பேர்லதான் கேட்டு வாங்கும். பதில் வந்ததும் கேட்டவங்ககிட்ட கொடுத்துடும்."

"நல்ல பெட்டி" என்றார் அம்மா.

சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக, போவது வருவது எல்லாவற்றையும் பெட்டி குறித்துவைக்கும்படி செய்திருந்தார் சொக்கலிங்கம். சோதனை முடிந்ததும் அதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் இணையத்தில் தேடுவது தபால் கார்டு எழுதுகிற மாதிரி, வழியில் இருப்பவர் படிக்கலாம். சொக்கலிங்கம் தினமும் படித்தார். ருசி கண்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம். மதியச் சாப்பாட்டில் மோர் வருவதற்கு முன், ஒருவர் தான் புதிதாகத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சொக்கலிங்கத்தின் முறை.

"நம்ம பெட்டி மூலமா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். "பெரியவங்களுக்குத் தூக்கத்துல சிறுநீர் போறது நிக்க என்ன வழின்னு நம்மள்ல ஒருத்தர் நாலு நாளா தேடிக்கிட்டிருக்கார். பேரெல்லாம் சொல்ல மாட்டேன். மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்."

பந்தி முழுக்கச் சிரித்தது. மூன்றாம் நம்பரில் யார் யார் உட்காருகிறார்கள் என்று இரண்டு பேர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

மோர் வாளியோடு நின்றிருந்த சமையல்காரர் தணிகாசலம் தலை நிமிரவில்லை. பாத்திரம் கழுவிய பிறகு மூன்றாம் நம்பரில் உட்காருபவர் அவர்தான். கூடத்தில் எல்லாரோடும் பாய் விரித்துப் படுப்பவர். ஆசிரமத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

"அது நான்தான்" என்றார் பூங்கோதை அம்மா.

சிரிப்பு நின்றது.

"ரெண்டு வருஷமா இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு. மோர் ஊத்துங்க, தணிகாசலம்."

தணிகாசலம் ஊற்றினார். ஊற்றி முடித்ததும் கூடத்துக்குப் போய் ரெக்சின் பையில் வேட்டி துண்டுகளைத் திணித்தார். சொக்கலிங்கம் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். சாயங்காலம் பை மறுபடியும் ஆணியில் தொங்கியது.

அன்றைய தியானத்தில் அம்மாவின் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். மறுநாள் காலையில் யாரோ அம்மாவின் பாயைக் கேட்காமலே எடுத்து வெயிலில் போட்டார்கள். சொக்கலிங்கத்துக்கு அந்தப் பாயைத் தாண்டி நடக்கக் கூசியது. எந்த முகத்தோடு இவ்வளவு வயது வாழ்ந்தோம் என்று நினைத்தார்.

மூன்று நாள் கழித்து அம்மாவிடம் போய் நின்றார்.

"குறிச்சுவைக்கறதை நிறுத்திட்டேம்மா. இருந்ததையும் அழிச்சுட்டேன்."

"சரி."

"அது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வெட்கத்துல சோறு இறங்க மாட்டேங்குதும்மா. நாளைக்குப் பந்தியில எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுடறேன். அம்மா இல்லைன்னு சொல்லிடறேன்."

"சொன்னதும் என்ன கேப்பாங்க?"

"அப்ப யாருன்னு கேப்பாங்க."

"ம்."

"அவர்கிட்ட மட்டுமாவது தனியா கேட்டுடட்டுமா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு இப்பத்தான் அவர் நம்ப ஆரம்பிச்சிருக்கார். நேத்து ராத்திரிதான் அசந்து தூங்கினாராம்."

சொக்கலிங்கத்தின் கண்கள் கலங்கிவிட்டன. "அப்ப இந்த வெட்கத்தை நான் எங்கேம்மா கொண்டுபோய் வைக்கறது?"

அம்மா ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கினார்.

"நீங்களே வெச்சுக்கங்க" என்றார். "அவரும் இத்தனை நாளா தனியாத்தானே வெச்சுக்கிட்டிருந்தார்."