விளக்கில் மின்னிய மணற்கல்

ஆசிரியைக்கு நாற்பது வயது. மாணவருக்கு ஐம்பத்தொன்று.

வவுனியாவில் இருபது வருடம் குழாய்க் கிணறு அடித்தவர் பொன்னுத்துரை. இப்போது ஆஸ்திரேலியாவின் நடுப் பாலையில், கூப்பர் படுகையில், சுகிர்தாவிடம் எண்ணெய்க் கிணற்றுக் கல்லைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று துளை இரண்டாயிரத்து நானூறு மீட்டரைத் தொட்டிருந்தது. ஏதோ ஒரு காலத்து ஆற்றின் மணல், இறுகிக் கல்லாகி, துணுக்குகளாக மேலே வந்தது. அதில் எண்ணெய் உண்டா என்று முதல் தடவையாகப் பொன்னுத்துரையே சொல்லவேண்டும். உண்டு என்றால் இரும்புக் குழாய் இறக்கிச் சோதிப்பார்கள். இல்லை என்றால் சீமெந்து ஊற்றி மூடிவிடுவார்கள்.

துணுக்குகளைத் தட்டில் பரப்பி, எண்ணெயை மின்னவைக்கும் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்தார். எண்ணெய் மின்னுவதுபோலவே பொன் நிறத்தில் மின்னின.

உடனே வானொலிக் கருவியில் துளைமேடைக்குப் பேசினார். "டெஸ்மண்ட், எண்ணெய்!"

மேடைத் தலைவன் டெஸ்மண்ட் கூவியது கருவி இல்லாமலே கேட்டது. "இன்றைக்கு ஆடு சுடுகிறோம், கிழவா! முதல் துண்டு உனக்கு!"

சுகிர்தா வந்து தட்டைப் பார்த்தார்.

"அண்ணை, காலமை மேடையிலை நிண்டனீங்களோ?"

"ஓம். குழாய் பூட்டேக்கை ஒரு கை குடுத்தனான். சும்மா நிக்க ஏலுமே?"

"அந்தப் பெருவிரலைப் பெட்டிக்குள்ளை வையுங்கோ."

வைத்தார். பெருவிரலும் பொன் நிறத்தில் மின்னியது.

"உங்களிலையும் எண்ணெய் இருக்குப் போலை. துளைச்சுப் பாப்பமே?"

அவர் சிரிக்கவில்லை. விரலையே பார்த்தார்.

"குழாய்ப் பூட்டிலை பூசுற கிறீஸ்," என்றார் சுகிர்தா.

"அப்ப கல்லிலை ஒண்டும் இல்லையே?"

"விரலைப் பற்றித்தான் சொன்னனான். கல்லைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

சுகிர்தா ஒரு துணுக்கை ஊசியால் உடைத்து விளக்கில் வைத்தார். வெளிப்புறம் மின்னியது. உடைந்த முகம் இருட்டாக இருந்தது. ஊசியை அவரிடம் நீட்டினார்.

"ஒண்டு பாத்தாச்சு."

பொன்னுத்துரை கையைக் கழுவிவிட்டு வந்து நாற்பது துணுக்குகளை உடைத்தார். ஒன்றின் உள்ளும் மின்னவில்லை.

"தங்கச்சி, டெஸ்மண்டுக்கு நீங்கள் சொல்லுங்கோவன். ஆடு அடுப்பிலை ஏறீட்டுது."

"உண்டெண்டு சொன்னது ஆர்?"

"நான்தான்."

சுகிர்தா தேநீரை எடுத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தார்.

பொன்னுத்துரை கருவியை எடுத்தார். "டெஸ்மண்ட், நான் பார்த்தது குழாய்க் கிறீஸ். கல்லை உடைத்துப் பார்த்தேன். எண்ணெய் இல்லை."



"நிச்சயமா, கிழவா?"

"நாற்பது தடவை நிச்சயம்."

"ஆட்டை என்ன செய்ய?"

"தின்போம். அது என்ன பாவம் செய்தது?"

கருவியை வைத்துவிட்டு அவர் உடைத்த துணுக்குகளைத் தட்டில் ஒன்றுசேர்த்தார். பிறகு கேட்டார்.

"விளக்கைப் போடேக்கையே எண்ணெய் இருக்கவேணும் எண்டு மனம் கேக்குது, தங்கச்சி. இந்த ஆசை எத்தினை கிணறு முடிஞ்சாப் பிறகு விட்டுப்போகும்?"

"எனக்கு இது அறுபத்திரண்டாவது கிணறு," என்றார் சுகிர்தா. "இன்னும் போகேல்லை. அதுதான் ஊசி வைச்சிருக்கிறன்."