வாசல் தேனீயின் மூன்றாவது சொல்

ஒரு காட்டில் வயதான மருத மரம் ஒன்று நின்றது, குழந்தைகளே. அதன் பொந்துக்குள் ஆயிரக்கணக்கான தேனீக்கள் கூடு கட்டி வாழ்ந்தன.

பொந்துக்கு ஒரே வாசல். அங்கே ஒரு தேனீ காவல் நின்றது. வருகிறவர்களை முகர்ந்து பார்க்க வேண்டும். நம் கூட்டு வாசனை என்றால் "போ." வேறு வாசனை என்றால் "நில்." ராணித் தேனீ அதற்குக் கற்றுக்கொடுத்தவை இந்த இரண்டு சொற்கள்தான்.

காவல் தேனீக்கு இளகிய மனசு. எதிரே நிற்பவர் முகம் வாடினால் அதற்குத் தாங்காது. ஆகவே மூன்றாவதாக ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டது.

"போகட்டும், விடு."

வழி தவறிய பக்கத்துக் கூட்டுத் தேனீ ஒன்று வந்தது. "போகட்டும், விடு" என்றது காவல். ஒன்றும் ஆகவில்லை. பசியோடு ஓர் எறும்பு வந்தது. அதையும் விட்டது. எறும்பு ஒரு சொட்டுத் தேனைக் குடித்துவிட்டுத் தன் வழியே போனது.

உள்ளே குஞ்சுப் புழுக்களுக்கு உணவூட்டும் செவிலித் தேனீக்கு எரிச்சல் வந்தது.

"உள்ளே ஏதோ அந்நிய வாசனை. யாரை விட்டாய்?"

"பாவம், ஓர் எறும்பு. அதற்குப் போய் இத்தனை கண்டிப்பா?"

"என் குஞ்சுகளுக்கு இறக்கை இல்லை. ஆபத்து வந்தால் ஓட முடியாது. அதை நினைத்துக்கொண்டு வாசலில் நில்!"

"சரி சரி, போகட்டும் விடு!"

அன்று மாலை மழையில் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி வந்து நின்றது.

"அக்கா, உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. ஒரு மூலையில் ஒண்டிக்கொள்கிறேன். உங்கள் தேனைத் தொடவே மாட்டேன்."

காவல் தேனீ முகர்ந்தது. குப்பென்று வேறு வாசனை அடித்தது. இருந்தும் அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் மனசு கரைந்துவிட்டது. அசட்டுத் தேனீ! ஒதுங்கி வழி விட்டது.

அந்துப்பூச்சி சொன்ன சொல் தவறவில்லை. தேனைத் தொடவே இல்லை. அடையின் விரிசலில் முந்நூறு முட்டைகள் இட்டுவிட்டு, காலையில் நன்றி சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

"எவ்வளவு மரியாதையான பூச்சி!" என்று காவல் தேனீ பூரித்துப்போனது.

சில நாளில் முட்டைகள் பொரிந்தன. வெளிவந்த புழுக்கள் அறை அறையாக மெழுகைத் தின்றன. போன இடமெல்லாம் நூல் பின்னின. தேனீக் குஞ்சுகள் அந்த நூலில் சிக்கிச் செத்தன. செவிலித் தேனீ இழுத்து இழுத்துப் பார்த்தது. ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை.

"கூடு போய்விட்டது. பறக்க முடிந்தவர்கள் புறப்படுங்கள்" என்றது ராணி.

காவல் தேனீ பதறியது. "மிச்சமுள்ள குஞ்சுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவே! ஐயோ, நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லையே!"

"நினைக்கவில்லைதான்" என்றது செவிலித் தேனீ. "நல்லவள் என்ற பெயர் உனக்கு. சாவு இவர்களுக்கு."

கூட்டம் பறந்தது. காவல் தேனீயும் அழுதுகொண்டே பின்னால் பறந்தது. செவிலித் தேனீ மட்டும் போகவில்லை. வாய் திறந்து காத்திருந்த குஞ்சுகளுக்குக் கடைசித் துளி வரை ஊட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பொந்தில் ஒரு ரீங்காரமும் இல்லை.

நீதி: தளர்வுக்கு இரக்கம் என்று பெயர் வைக்காதே; காவலில் நிற்பவர் தளர்ந்தால், அழிவது அவரை நம்பி உள்ளே இருப்பவர்கள்.