செவந்தியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட கதை

அரிசி ஆலையில் மூட்டைக்கு வாய் தைக்கச் செவந்தியை விட்டால் ஆளில்லை. ஆனால் பிள்ளை பெற்றுத் திரும்பியதிலிருந்து, நாலு மூட்டை தைத்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். முதலாளி சிங்காரவேலுவுக்கு அது பொறுக்கவில்லை.

"உன்னையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். போய்ப் போட்டுட்டுப் பழத்தோட வா. வெறுங்கையோட வந்தா வேலை கிடையாது."

ஆலையே சிரித்தது. செவந்தி நேராக வாசலுக்குப் போனாள். பழைய இரும்பு எடுக்கும் மீரான் பாய் அங்கே தள்ளுவண்டியோடு நின்றிருந்தார்.

"பாய், என்னை எடுத்துக்கிட்டுப் பழம் குடுங்க."

"இரும்புக்குத்தானேம்மா பழம்?"

"எனக்கு இரும்புச்சத்து கம்மின்னு நர்ஸம்மா சொன்னாங்க. கம்மின்னா கொஞ்சமாச்சும் இருக்குதானே? அதுக்குண்டான பழத்தைக் குடுங்க."

பாய் சிரித்துக்கொண்டே இரண்டு கை நிறைய அள்ளி அவள் முந்தியில் போட்டார்.

மென்றபடியே வந்து முதலாளி முன்னால் முந்தியை விரித்துக் காட்டினாள். "போட்டாச்சு முதலாளி."

"சரி சரி, போய்த் தை. லாரி நிக்குது."

"அதெப்படி? இப்ப நான் பாயோட சரக்கு. வேணும்னா பழம் குடுத்து மீட்டுக்கங்க."

வெளியே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். உள்ளே மூட்டையெல்லாம் வாயைத் திறந்தபடி நின்றன.

"தொலையுது, பழம் வாங்கி அந்த ஆள்கிட்ட குடுத்துடறேன்" என்றார் முதலாளி.

"அவர்கிட்ட எதுக்கு? அவரோட சரக்கு இங்கதானே இருக்கு. இரும்பு ஏறுற வரைக்கும் தினம் ஒரு கை இதுக்குள்ளேயே போட்டுடுங்க" என்று தன் வாயைக் காட்டிவிட்டு ஊசியில் சணலைக் கோத்தாள் செவந்தி.