இருபத்துமூன்று புள்ளிகள்

"மாஸ்டர், பொடி குடிக்கிறது தப்பா?" என்று கேட்டார் தணிகாசலம்.

கேட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். ஜிம்மில் வேறு யாரும் இல்லை. சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால். மற்றவர்கள் ஆறு மணிக்குத்தான் வருவார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே அவர் முன்னால் வந்திருந்தார்.

பிலோமினா மாஸ்டர் இரும்புத் தட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்துக்கு வயது நாற்பத்தொன்பது. மாஸ்டருக்கு முப்பத்துமூன்று. ஒரு காலத்தில் மாநில அளவில் பளு தூக்கியவர். பேச்சு குறைவு.

"எந்தப் பொடி?"

"புரோட்டீன் பொடி."

"டாக்டர் வேணாம்னாரா?"

"இல்ல. ரத்தம் கொடுத்துப் பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னார்."

"எவ்ளோ குடிக்கிறீங்க?"

"டப்பாவுல இருக்கிற கரண்டியால ஒரு கரண்டி. தலை தட்டி."

"அப்ப தப்பு இல்ல சார்."

தணிகாசலம் மூச்சு விட்டார். ஆறு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிடும் என்று காத்திருந்தார்.

இறங்கவில்லை.

"தப்பு இல்லன்னா ஏன் மாஸ்டர் என்னால சம்பங்கி முகத்தைப் பார்க்க முடியல?"

மாஸ்டர் தட்டைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார்.

"சம்பங்கிக்கும் பொடிக்கும் என்ன?"

தணிகாசலம் சொல்ல ஆரம்பித்தார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தன் வழக்கப்படி தேதியிலிருந்து தொடங்கினார்.

*

தணிகாசலத்துக்கு எடைமேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும். எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடத்தில் பத்து கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. எழுதச் சொன்னவர்கள் உண்டு.

சம்பங்கி ஆட்டோ ஓட்டுபவர். அவரைவிட ஆறு வயது இளையவர். இருவரும் பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரே நாளில் இந்த ஜிம்மில் சேர்ந்தார்கள்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு கூட்டத்தைப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் குவளையில் பொடியைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் குடிக்கும் கூட்டம்.

"டப்பா உடம்பு" என்று பெயர் வைத்தவர் தணிகாசலம்தான்.

கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனாலும் அன்று அந்தச் சொல்லுக்கு எட்டுப் பேர் சிரித்தார்கள். அவர் சொல்லி எட்டுப் பேர் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"நமக்கு முட்டையும் சுண்டலும் போதும்ணா" என்று சம்பங்கி கையை நீட்டினார். தணிகாசலம் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஐந்தாவது மாதம் சம்பங்கி ஐம்பது கிலோ தூக்கினார். தணிகாசலம் நாற்பத்தேழரையில் நின்றுவிட்டார்.

இரண்டரைக் கிலோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு டப்பா வாங்கினார். சாராயம் வாங்கியவரைப் போல அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். எடைமேடை அறையில், பழைய சீட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தார். தினமும் அங்கேயே கலக்கி, எவர்சில்வர் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ஜிம்முக்கு வந்தார்.

"இன்னாண்ணா அது?" என்று சம்பங்கி முதல் நாளே கேட்டார்.

"கஞ்சி" என்று வாயில் வந்துவிட்டது.

"இன்னா கஞ்சி?"

"ராகிக் கஞ்சி."

"எப்படிச் செய்யறது?"

கணக்காகப் பேசியே பழகிய மனுஷன். பொய்யையும் கணக்காகவே சொன்னார். ரெண்டு கைப்பிடி ராகி, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் ஏழு.

"ஏழா?"

"ஏழு. எட்டு போட்டா வாயு."

மறுநாளிலிருந்து சம்பங்கி கஞ்சி குடித்தார். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. ஆறு மாதத்தில் தணிகாசலம் எழுபத்தைந்து கிலோ தூக்கும் அளவுக்கு வந்தார். சம்பங்கி ஐம்பத்திரண்டரைக்கு வந்தார். அவருடைய வயிறு மட்டும் நாலு அங்குலம் வந்தது.

"எங்க வீட்டுல அந்தப் பக்குவம் வரலண்ணா" என்பார் சம்பங்கி. "உன்னுதுல ஒரு வாய் குடு. ருசி பார்த்துட்டுப் போய்ச் சொல்றேன்."

"எச்சில் பண்ணிட்டேன்பா" என்பார் தணிகாசலம்.

அதில் மட்டும் பொய் கிடையாது. சம்பங்கி கேட்டுவிடுவாரோ என்று, ஜிம் படி ஏறும்போதே பிளாஸ்க்கில் வாய் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

*

"போன சனிக்கிழமை சம்பங்கி சொன்னான் மாஸ்டர். இன்னைக்கு வந்து பேரை அழிச்சுட்டுப் போயிடறானாம். 'எனக்குக் கடவுள் கொடுத்தது உதவாத உடம்புண்ணா, கஞ்சிகூட ஒட்டல'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

மாஸ்டர் துடைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பெஞ்சுக்கு மேலே இருந்த கம்பியில் மாட்டினார். வலது பக்கம் மூன்று. இடது பக்கம் மூன்று.

தணிகாசலம் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கம்பியோடு சேர்த்து எண்பது.

"படுங்க."

"நான் எழுபத்தஞ்சுதானே மாஸ்டர்..."

"படுங்க சார்."

படுத்தார். மாஸ்டர் தலைமாட்டில் வந்து நின்றார். தணிகாசலம் கம்பியை இறக்கினார். நெஞ்சைத் தொட்டது. மேலே தள்ளினார். பாதி வழியில் கம்பி நின்றது. கை நடுங்கியது. கண் இருண்டது. அப்புறம் எப்படியோ ஏறிவிட்டது.

கம்பி தாங்கியில் போய் விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"எழுதுங்க" என்றார் மாஸ்டர்.

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுவர் முழுக்கக் கறுப்பு வர்ணம். ஆளுக்கு ஒரு பத்தி. சனிக்கிழமைதோறும் தூக்கிய எடையை அவரவர் சாக்பீஸால் எழுத வேண்டும். பின்னால் நிற்பவரின் கை கம்பியில் பட்டிருந்தால், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை வேறு யாரும் வைக்க மாட்டார்கள். வைத்தாயா என்றும் கேட்க மாட்டார்கள். தூக்கியவரே வைத்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் சுவரைக் கழுவுவார்கள்.

தணிகாசலம் தன் பத்தியின் அடியில் எண்பது என்று எழுதினார். பக்கத்தில் புள்ளி வைத்தார்.

"ஏன் புள்ளி?" என்றார் மாஸ்டர்.

"உங்க விரல் பட்டுச்சே மாஸ்டர்."

"எத்தனை விரல்?"

"ரெண்டு. வலது கை."

"லேசாத்தான் பட்டுச்சு."

"பட்டுச்சுல்ல?"

"இங்க யாருமே இல்ல. யார் பார்த்தா?"

"என்ன மாஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? எனக்குத் தெரியுமே!"

கொஞ்சம் கோபமாகவே சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டினார். துணியை எடுத்துக்கொண்டு போய், அவர் படுத்திருந்த பெஞ்சின் வியர்வையைத் துடைக்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் சாக்பீஸோடு சுவர் முன்னால் நின்றார்.

அவருடைய பத்தி. அதற்குப் பக்கத்தில் சம்பங்கியின் பத்தி. சம்பங்கியின் எண்களில் கோணல்மாணலாக நிறையப் புள்ளிகள். ஓர் இடத்தில் இரண்டு கையும் பட்டது என்று இரண்டு புள்ளி வைத்திருந்தார்.

தணிகாசலத்தின் பத்தியில், ஐந்தாவது மாதத்துக்குக் கீழே, புள்ளியே இல்லை. சுத்தமாக இறங்கியது. எழுபத்தைந்து வரை.

முகம் சூடேறியது. காதுவரை ஏறியது.

*

"குட் மார்னிங் மாஸ்டர்!"

சம்பங்கி வந்துவிட்டார். காக்கிச் சட்டை. கையில் ஈரத் துணி. வீட்டிலிருந்தே நனைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னாண்ணா, இன்னைக்கு எனக்கு முன்னாடியே வந்துட்ட? வழியனுப்பவா?" என்று சிரித்தார். சுவரைப் பார்த்தார். "எண்பதா! பார்றா! மேல போயிக்கினே இருக்கியே. இரு, நான் என் பேரை எடுத்துடறேன். உன் எண்ணுக்கு இடம் வேணும்ல."

ஈரத் துணியைச் சுவரில் வைத்தார். 'சம்பங்கி' என்பதில் முதல் எழுத்து கரைந்தது.

"இரு" என்றார் தணிகாசலம்.

சம்பங்கியின் கை நிற்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். "இரு சம்பங்கி."

குனிந்தார். ஐந்தாவது மாதத்துக்கு அடுத்த எண்ணைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதற்கடுத்த எண்ணுக்கு ஒன்று. அதற்கடுத்ததற்கு ஒன்று. இருபத்தாறு சனிக்கிழமைகள். காய்ச்சலில் வராதது இரண்டு, கல்யாணத்துக்குப் போனது ஒன்று. மீதி இருபத்துமூன்று.

இருபத்துமூன்றும் வைத்து முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை.

"இன்னாண்ணா பண்ற? நான்தானே உன் பின்னால நின்னேன். நான் கையே வைக்கலியே. யார் தொட்டாங்க?"

தணிகாசலம் பையைத் திறந்து பிளாஸ்க்கை எடுத்தார். இன்று அதில் வாய் வைக்கவில்லை. மூடியில் ஊற்றிச் சம்பங்கியிடம் நீட்டினார்.

"குடி."

சம்பங்கி முதலில் முகர்ந்தார். அப்புறம் ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். இன்னொரு வாய் குடித்தார்.

"சாக்லேட் மாதிரி கீது."

"ஆமா."

"ராகி இல்ல."

"இல்ல."

"பாதாம்?"

"அதுவும் இல்ல."

சம்பங்கி சுவரைப் பார்த்தார். புள்ளிகளை மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். தணிகாசலம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

"டப்பா உடம்பு" என்றார் சம்பங்கி.

"ஆமாம்பா."

மூடியில் மீதி இருந்ததையும் சம்பங்கி குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை.

"என்னை உடுண்ணா. நான் தொந்தி வெச்சவன், ஓடினா கரைஞ்சிடும். என் பொண்டாட்டி அலமேலு கீதே..."

நிறுத்தினார். ஈரத் துணியை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார்.

"தெனமும் நாலு மணிக்கு எழுந்து அந்த ஏழு பாதாமைத் தோலுரிக்கும். ஒருநாள் ஆறுதான் இருந்துச்சுன்னு சொம்பைத் தட்டி உட்டேன். தணிகா அண்ணன் வீட்டுல மட்டும் எப்படி வருது, உன் கைதான் வெளங்காத கைன்னு சொன்னேன். ஆறு மாசமா சொல்லிக்கினு இருக்கேன். ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசலை. இன்னைக்குக் காலைலகூட உரிச்சுச்சு."

தணிகாசலம் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். இருபத்துமூன்று சரியாகத்தான் இருந்தது.

"சம்பங்கி, இப்ப அலமேலு வீட்டுல இருக்குமா?"

"இருக்கும்."

தணிகாசலம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வாசல் வரை போய்விட்டார்.

"சார்" என்று பின்னாலிருந்து பிலோமினா மாஸ்டரின் குரல் கேட்டது.

திரும்பினார்.

"சாக்பீஸை வெச்சுட்டுப் போங்க. அந்த வீட்டுல புள்ளி வைக்கச் சுவரு கிடையாது."